குழியில் வைத்த வீடு

அந்தக் கோடையில் என் மகளைச் சரித்திர முகாமில் சேர்த்தது சரித்திரத்துக்காக இல்லை. பகலில் அவளை விட்டுவைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

என் கணவர் மைசூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார். கார்த்திகை மாதம் ஒரு காலையில் சைக்கிளில் கிளம்பிப் போனார். மதியச் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே அவருடன் வேலை பார்க்கும் இரண்டு பேர் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார்கள். நெஞ்சு வலி என்று ஆரம்பித்தார்கள். மீதியை அவர்கள் சொல்லவில்லை. அதன்பிறகு கருணை அடிப்படையில் அதே ஒர்க்‌ஷாப்பின் அலுவலகத்தில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. கல்லூரியில் படித்தது எப்போதோ. முதன்முதலாக வேலைக்குப் போனது நாற்பது தாண்டிய பிறகு. மகளுக்கு அப்போது ஒன்பது வயது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள்.

பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு நம் உதட்டைத் தொட்டால் வேறு யாருடைய உதட்டையோ தொடுவதுபோல் இருக்கும். அந்த மாதங்களில் நான் முழுக்க அப்படித்தான் இருந்தேன். சாப்பிட்டேன், தட்டச்சு செய்தேன், மார்க்கெட்டுக்குப் போய்க் காய் வாங்கினேன். பேரம்கூடப் பேசினேன். எதுவும் என்மேல் படவில்லை. பயம் மட்டும் மரத்துப்போகவில்லை. மகள் கண்ணில் படாத ஒவ்வொரு நிமிஷமும் அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே இருக்கும். அடுப்பு, கிணறு, ரயில் தண்டவாளம், நாய், லாரி. ஒன்றை மனசிலிருந்து தள்ளினால் அடுத்தது வந்து நிற்கும்.

பள்ளிக்கூடம் இருந்தவரை பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கன்னடக்காரம்மா சாயங்காலம் அவளைப் பார்த்துக்கொண்டார். கோடை விடுமுறைக்கு அவர்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். சேலத்தில் இருக்கும் என் அண்ணன் அதற்கும் முன்பே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைக் கூட்டிக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அவருக்குப் பேசுவேன்.

"பாப்பா, நீ பகலெல்லாம் ஆபீஸ்ல உக்காந்துகிட்டு புள்ளைய எங்க வெப்ப? இங்க உங்க அண்ணி வீட்லதான இருக்கா. எங்க ரெண்டு பசங்களோட மூணாவதா வளந்துட்டுப் போறா."

"சரிண்ணா."

"சும்மா சரிண்ணா சரிண்ணான்னா எப்படி? டி.சி. வாங்கி வெய்யி. ஜூன்ல இங்க ஸ்கூல் தொறக்கறாங்க, நான் ஹெட்மாஸ்டர்கிட்டப் பேசிட்டேன். மே கடைசில வந்து கூட்டிட்டுப் போறேன்."

"சரிண்ணா."

"அழுவறியா?"

"இல்லண்ணா."

உண்மையாகவே அழவில்லை. அண்ணன் சொல்வது நியாயம் என்று தெரிந்தது. அனுப்பினால் அவள் பத்திரமாக இருப்பாள் என்று தெரிந்தது. வேண்டும், வேண்டாம் என்று எனக்குள் எதுவும் எழவில்லை. மகள் பூத்தின் கண்ணாடியில் வாயால் ஊதி, ஆவியில் விரலால் வீடு வரைந்துகொண்டிருந்தாள். நான் பேசியது அவள் காதில் விழவில்லை என்று நினைத்தேன்.

மே கடைசி வரைக்கும் நாட்களைத் தள்ள வேண்டும். ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரர்தான் முகாமைப் பற்றிச் சொன்னார். கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்ற ஓர் அம்மா, மூடிக்கிடந்த மாணவர் விடுதி ஒன்றின் பின்பக்கத்து மைதானத்தை வாடகைக்கு எடுத்து நடத்தினார். ஒர்க்‌ஷாப்பிலிருந்து நடக்கிற தூரம். அந்தத் தூரத்துக்காகவே சேர்த்தேன்.

முதல் நாள் மேடம் பெற்றோர்களிடம் சொன்னார்: "இங்க புத்தகம் கிடையாது. கையில அழுக்குப் படும். துணியில போகாத கறை படும். அதுக்கு நான் பொறுப்பில்ல, இப்பவே சொல்லிட்டேன்." குண்டான, வியர்த்துக்கொண்டே இருக்கும் பெண்மணி. நெற்றியை முந்தானையால் துடைத்துத் துடைத்து, சாயங்காலம் ஆனால் முந்தானையும் செம்மண் நிறமாகிவிடும்.

பிள்ளைகள் களிமண்ணை மிதித்துச் செங்கல் அறுத்துக் காயவைத்தார்கள். திருகைக் கல்லில் ராகி அரைத்தார்கள். மாதுளைத் தோலை வேகவைத்துத் துணிக்குச் சாயம் ஏற்றினார்கள். பனையோலையில் எழுத்தாணியால் பெயர் எழுதி, கரி பூசித் துடைத்தார்கள். என் மகள் எழுதிய ஓலை இன்னும் இருக்கிறது. பெயரைக் கன்னடத்தில்தான் எழுதியிருக்கிறாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் நான் டிபன் பாக்சைத் திறக்காமல் நேராக அந்த மைதானத்துக்கு நடப்பேன். கேட்டுக்கு வெளியே ஒரு மே ஃப்ளவர் மரம். அதன் பின்னால் நின்று அவள் தலை தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்புவேன். நாலைந்து நாளில் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"உங்கம்மா ஏன் வந்து வந்து மரத்தடியில நிக்கிறாங்கன்னு கேக்கறாங்கம்மா," என்றாள் மகள், வீட்டுக்கு நடக்கையில்.

"நீ என்ன சொன்ன?"

"நிழலுக்குன்னு சொன்னேன்."

"சரிதான்."

"நாளைக்கு வரபேடாம்மா, வராத. ப்ளீஸ். அந்தச் சுருட்டமுடிக்காரன் உனக்கு வாட்ச்மேன் ஆன்ட்டின்னு பேர் வெச்சிருக்கான்."

அடுத்த நாளும் போனேன். கொஞ்சம் தள்ளி இருந்த வேறொரு மரத்தடியில் நின்றேன்.

முகாமின் பெரிய விஷயம் அந்த இரண்டு குழிகள். மேடமுக்கு உதவியாக இருந்த கல்லூரி மாணவிகள் ஆள் வைத்து வெட்டியவை. ஆழம் அதிகமில்லை, பிள்ளைகளின் இடுப்பளவு. முகாம் இரண்டு அணி. ஒவ்வோர் அணியும் தங்கள் குழியில் ஒரு வீட்டைப் புதைக்க வேண்டும். வீடு என்றால் வீட்டுச் சாமான்கள். ஒரு வீட்டில் யார் யார் இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று காட்டுகிற பழைய பொருள்கள். அதற்கு மேல் மணல், சாம்பல், செம்மண் என்று அடுக்கடுக்காகப் போட்டு மிதித்து மூடிவிட வேண்டும். கடைசி வாரம் அணிகள் குழிகளை மாற்றிக்கொள்ளும். எதிரணி தோண்டி, கிடைத்ததை வைத்து, அந்த வீட்டில் இருந்தவர்கள் யார் என்று பெற்றோர்கள் முன்னால் சொல்ல வேண்டும்.

இதற்குச் சட்டங்கள் உண்டு. மகள் சோறு சாப்பிடும்போதெல்லாம் எனக்கு ஒப்பிப்பாள். பொருள் தெரிந்ததும் பிடுங்கக் கூடாது. பெயின்ட் பிரஷ்ஷால் சுற்றியுள்ள மண்ணைத் தள்ளி, இருந்த இடத்திலேயே படம் வரைந்து, அட்டைச் சீட்டில் எண் எழுதிக் கட்டி, பிறகுதான் தூக்க வேண்டும். அடியில் கிடப்பது முந்திய காலம், மேலே கிடப்பது பிந்திய காலம். குழியில் இருப்பதை மட்டும் சொல்ல வேண்டும், இல்லாததைச் சொல்லக் கூடாது. புதைத்தவர்கள் எதிரணி சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது.

"சிரிக்கக்கூடாதும்மா. சிரிச்சா தெரிஞ்சிடும்."

சாமான் கொண்டுபோக வேண்டிய நாள் காலையில் எனக்கு நேரமாகிவிட்டது. பழசாக எதையாவது எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுச் சாதத்தை இறக்கிக்கொண்டிருந்தேன். அவள் ஒயர் கூடை நிறைய எதையோ வைத்து மேலே துண்டைப் போட்டு மூடியிருந்தாள். நான் திறந்து பார்க்கவில்லை. அவள் அணியில் மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் மண்ணில் போட எதையும் தர மனசில்லாமல் கைப்பிடி போன பிளாஸ்டிக் மக், எழுதாத பேனா என்று கொடுத்தனுப்பியிருந்தார்கள். ஆகையால் அந்தக் குழியில் இருந்தது பெரும்பாலும் எங்கள் வீடுதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கடைசி நாள் சனிக்கிழமை. அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். டி.சி.க்குச் சொல்லியாயிற்று, திங்கட்கிழமை வாங்கிக்கொள்ளலாம். அதற்கடுத்த நாள் அண்ணன் வருவதாக ஏற்பாடு. அவளுடைய உடுப்புகளில் பாதியை மடித்து ஒரு பையில் வைத்திருந்தேன். மடிக்கும்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்வெட்டர் சேலத்துக்குத் தேவைப்படாது என்று தோன்றியது, எடுத்து வெளியே வைத்தேன்.

மைதானத்தில் ஷாமியானா போட்டு நாற்காலிகள் வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் மோர் கொடுத்தார்கள். முதலில் என் மகளின் அணி எதிரணியின் குழியைப் பற்றிச் சொன்னது. தாயக் கட்டைகள் கிடைத்ததால் அந்த வீட்டில் வேலைவெட்டி இல்லாதவர்கள் இருந்தார்கள் என்று ஒரு பெண் சொல்ல, அந்தக் கட்டைகளைக் கொடுத்தனுப்பிய அப்பா எழுந்து கும்பிடு போட்டார். ஒரே சிரிப்பு.

பிறகு எதிரணி. பேச அந்தச் சுருட்டைமுடிப் பையன் வந்தான். சட்டைப்பையில் பெயின்ட் பிரஷ்ஷைச் செருகியிருந்தான். பேசியதெல்லாம் கன்னடம்தான், என் ஞாபகத்தில் அது தமிழாகவே தங்கிவிட்டது.

"இது ஷேவிங் பிரஷ்," என்று தூக்கிக் காட்டினான். "முடி இன்னும் மெத்துன்னு இருக்கு. அதனால இந்த வீட்ல ஒரு ஆம்பள இருக்காரு. தினம் ஷேவ் பண்றாரு. எங்கப்பா மாதிரி ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை இல்ல."

"டேய்!" என்றது பின்வரிசையில் ஒரு குரல். மறுபடி சிரிப்பு.

எனக்கு அந்தப் பிரஷ்ஷை அடையாளம் தெரிந்தது. அதன் பிடியில் ஒரு பக்கம் சிவப்புச் சாயம் போயிருக்கும், அவருடைய கட்டைவிரல் படுகிற இடம்.

அடுத்து அவருடைய டிபன் கேரியர் வந்தது. பழைய துணியில் சுற்றி வைத்திருந்திருக்கிறாள். உள்ளே ஸ்பூன்கூட இருந்தது. "வேலைக்குப் போறாரு. சாப்பாடு எடுத்துட்டுப் போறாரு. டப்பா நசுங்கல, நல்லா வெச்சிருக்காங்க. இது ரிப்பன், இது பென்சில். பென்சில் முனையைக் கடிச்சிருக்கு. அதனால ஒரு பொண்ணு இருக்கா. படிக்கிறா, ஆனா கணக்கு வராது." என் மகள் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிரித்தால் தெரிந்துவிடும் அல்லவா.

கடைசியாக, குழியின் அடியில் கிடந்த ஒரு பவுடர் டின். அதை ஒரு தட்டில் கவிழ்த்தார்கள். பச்சைக் கண்ணாடி வளையல் துண்டுகள், அவற்றோடு இரண்டு மெட்டிகள்.

என் வளையல்களைப் பத்தாம் நாள் பின்கட்டில், துணி துவைக்கும் கல்லருகே உடைத்தார்கள். பெரியவர்கள் செய்தார்கள், நான் கையை நீட்டினேன். மெட்டியையும் அங்கேயே கழற்றினார்கள். அவள் பார்க்க வேண்டாமென்று மகளை அன்று பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். மெட்டி எங்கே போனது என்று பிறகு நான் தேடவில்லை. துண்டுகளை யாரோ கூட்டித் தள்ளியிருப்பார்கள் என்று இருந்தேன்.

பையன் தட்டைப் பிடித்துக்கொண்டு அணித் தோழி ஒருத்தியைப் பார்த்தான். ரெட்டைச் சடை போட்ட அந்தப் பெண் முன்னால் வந்தாள். "வளையல் எப்ப வேணா உடையும். பஸ்ல கூட உடையும். ஆனா மெட்டிய யாரும் கழட்ட மாட்டாங்க. எங்கம்மா தூங்கறப்பகூடக் கழட்ட மாட்டாங்க. எங்க பெரியம்மா செத்துப்போனப்பதான் கழட்டி ஒரு டப்பால வெச்சாங்க."

"அதனால," என்றான் பையன், தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த வீட்ல அம்மா செத்துட்டாங்க. அப்பாவும் பொண்ணும் இருக்காங்க. அப்பா ஷேவ் பண்ணிட்டு, சாப்பாடு எடுத்துட்டு வேலைக்குப் போறாரு. பொண்ணு அம்மாவோட மெட்டிய பத்திரமா வெச்சிருக்கா. ஆயித்து, அவ்வளவுதான்."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன். இரண்டு தட்டு தட்டியது நினைவிருக்கிறது. என்ன சொன்னான் என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு வந்து சேர்ந்தது.

மேடம் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "சரியா சொன்னாங்களா? புதைச்சவங்க சொல்லலாம் இப்ப."

என் மகளின் அணி முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்தாள். பாவாடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டாள்.

"தப்பு. அம்மா இருக்காங்க. அதோ நிக்கிறாங்க. அப்பாதான் இல்ல."

நான் நின்றுகொண்டிருக்கிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எப்போது எழுந்தேனோ. ஷாமியானாவில் இருந்த பெரியவர்கள் எல்லாருக்கும் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. அவர்கள் வீடுகளிலும் அதே வழக்கம்தான். ஒருவர் என் கால்களைப் பார்த்துவிட்டுச் சட்டென்று மோர் டம்ளருக்குள் பார்த்தார்.

பையனுக்குப் புரியவில்லை. தோற்றுவிட்டோமே என்ற கோபம் அவனுக்கு. "அதெப்படி? மேடம், நீங்க பாருங்க மேடம். அப்பா செத்துட்டார்னா அப்பா சாமானெல்லாம் எப்படி முழுசா இருக்கு? அம்மாவோடது மட்டும் ஏன் உடைஞ்சிருக்கு?"

"ஏ, சும்னிரோ," என்று அவனை அடக்க யாரோ குரல் கொடுத்தார்கள்.

"அப்படித்தான் செய்வாங்க," என்றாள் என் மகள். திருகைக் கல்லில் ராகியை எப்படிப் போட வேண்டும் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

மேடம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல், பையனைப் பார்த்தே சொன்னார்: "குழியில இருந்தத வெச்சுப் பாத்தா நீங்க சொன்னது தப்பில்லப்பா." சொன்னதும் அவருக்கே அது எப்படிக் கேட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். முந்தானையை எடுத்து முகம் முழுவதையும் மூடித் துடைத்தார். மாணவிகளில் ஒருத்தி அவசரமாகப் பரிசு கொடுக்க ஆரம்பித்தாள்.

எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் எல்லாருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். என் செருப்பில் தெரிந்த விரல்களைப் பார்த்தேன். மெட்டி இருந்த இடத்தில் தோல் வெளுத்து, பள்ளம் விழுந்திருந்தது. தோண்டியவர்கள் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

சாமான்களை அட்டைச் சீட்டோடு திருப்பிக் கொடுத்தார்கள். ஒயர் கூடையை நான் வாங்கிக்கொண்டேன். யாதவகிரிப் பக்கம் நிழலாக இருந்த தெரு வழியாக நடந்தோம். சுருட்டைமுடிக்காரன் சைக்கிளில் எங்களைத் தாண்டும்போது பிரேக் போட்டு, ஒரு காலை ஊன்றி நின்றான். "ஆன்ட்டி, சாரி," என்றான். உடனே மகளிடம், "ஆனா நீ டின்ன மேல வெச்சிருக்கணும். அடியில வெச்சது உன் தப்பு," என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டான்.

கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டேன். "அப்பா சாமானையெல்லாம் ஏன் கொண்டுபோய் வெச்ச?"

தெருவில் கிடந்த மே ஃப்ளவர் காய் ஒன்றைக் காலால் எத்திக்கொண்டே வந்தாள்.

"மண்ணுக்குள்ள இருந்தா ரெண்டாயிரம் வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும்னு மேடம் சொன்னாங்க."

"அதுக்கு?"

"சேலத்துக்கு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போக முடியாதில்ல. மாமா ஒரு பைதான்னு சொல்வாரு. தோண்டிக் காமிச்சிட்டு மறுபடி மூடிடுவாங்கன்னு நினைச்சேன்."

"அம்மா இங்கதானே இருக்கேன். நான் பாத்துக்க மாட்டேனா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். விரோதமான பார்வை இல்லை. யோசிக்கிற பார்வை.

"நீ எதையும் பாக்கறதே இல்லியேம்மா," என்றாள். "வளையல் கல்லுகிட்டயே கிடந்துச்சு. ரொம்ப நாள் கிடந்துச்சு. நீ தினம் அங்கதான் துணி தொவைச்ச."

காய் சாக்கடையில் விழுந்தது. அவள் அடுத்த காயைத் தேடினாள்.

ஞாயிறு வரைக்கும் நான் காத்திருக்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியிலேயே பூத் இருந்தது. மகளையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணைச் சுழற்றினேன்.

"என்ன பாப்பா, இன்னிக்கே? என்னாச்சு? புள்ளைக்கு ஏதாச்சுமா?"

"ஒண்ணுமில்லண்ணா. நீங்க செவ்வாக்கிழம வர வேண்டாம்."

"ஏன்? டி.சி. தரலியா?"

"அவ வரலண்ணா."

"யாரு, அவளா சொன்னா? சின்னப் புள்ள சொல்றதயெல்லாம்..."

"நான்தான் சொல்றேன்."

அண்ணனுக்கு என்மேல் பிரியம் உண்டு. அதனால்தான் அவருக்குப் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது. "அப்ப லீவுல புள்ளைய எங்க வெப்ப? யார் பாத்துக்குவா? ஒரு வழி சொல்லு, நான் கேட்டுக்கறேன்," என்றார்.

என்னிடம் வழி எதுவும் இல்லை. பயம் அப்படியேதான் இருந்தது. அடுப்பு, தண்டவாளம், லாரி எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. கண்ணாடியில் மகள் மறுபடி ஊதி வீடு வரைய ஆரம்பித்திருந்தாள். கதவு போட்டாள். ஜன்னல் போட்டாள். இந்த முறை கை நின்றுவிட்டது. காது இந்தப் பக்கம் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"முகாம் இன்னும் முடியலண்ணா," என்றேன்.

மகள் திரும்பினாள். முகாம் அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள்.

"அதென்ன முடியாத முகாம்?" என்று அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனை வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பிரஷ்ஷை அது முன்பு இருந்த ஜன்னல் கட்டையில் வைத்தேன். கேரியரைக் கழுவிக் கவிழ்த்தேன். பவுடர் டின்னை மகள் என்னிடம் தரவில்லை, தன்னுடைய பள்ளிக்கூடப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். நான் கேட்கவில்லை. பையில் மடித்து வைத்திருந்த உடுப்புகளை எடுத்து அலமாரியில் ஒவ்வொன்றாக அடுக்கினேன். கேரியரின் கைப்பிடியில் கட்டியிருந்த அட்டைச் சீட்டை மட்டும் அவிழ்க்க மறந்துவிட்டேன். திங்கட்கிழமை அதில்தான் சாப்பாடு எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். மகள் என்னோடு வந்தாள். என் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று காலையெல்லாம் யோசித்துவைத்திருந்தேன். சாயங்காலச் சங்கு ஊதும்வரை யாரும் கேட்கவில்லை.